அரைச் சுற்று

கொட்டாஞ்சேனையில் ஜெம்பட்டா வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒடுக்கமான ஒழுங்கையில் ஸவாஹிரின் கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு கார் நிற்க இடமுண்டு. மூன்றாவது வந்தால் ஒழுங்கையில்தான் நிற்க வேண்டும். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த இடம் தெரியும். நிற்கும்போது எஞ்சின் குலுங்குகிறது, சந்திக் கலர் லைட்டில் அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துபோகிறது என்றால் வெள்ளவத்தையிலிருந்தும் கொலன்னாவையிலிருந்தும் ஆட்கள் அங்கே போவார்கள். நானும் அப்படிப் போனவன்தான். இந்தக் கதையில் பாதியை ஸவாஹிர் எனக்குச் சொன்னார். மீதியை, பிறகு ஒருநாள், அருந்ததி அம்மா சொன்னார்.

ஸவாஹிர் கிராண்ட்பாஸில் பிறந்தவர். வாப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். பதினேழு வயதில் மருதானையில் ஒரு கராஜில் சேர்ந்தபோது கழற்றிப் போட்ட சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவுவதுதான் அவர் வேலை. மற்றவர்கள் அலுத்துக்கொள்ளும் வேலை அது. ஸவாஹிருக்கு அலுக்கவில்லை. காப்ரேட்டர் ஒன்றைக் கழுவும்போது அதன் உள்ளே ஊசிமுனை அளவுத் துளைகள் இருப்பதைக் கண்டார். ஒரு துளையில் வாயை வைத்து ஊதினால் காற்று எந்தத் துளையால் வெளியே வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாராம். ஒரு வருடத்தில் அதன் உள்வழிகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

இடையில் இரண்டு வருடம் கத்தாருக்குப் போய் வந்தார். அங்கே எல்லாம் புதுக் கார்கள். பிழை என்ன என்று கம்பியூட்டர் சொல்லும். ஸவாஹிர் சாமானை மாற்ற வேண்டியதுதான். "காதுக்கு வேலையில்ல அங்க" என்று திரும்பி வந்துவிட்டார். லுத்பியாவைக் கலியாணம் முடித்தது அதற்குப் பிறகு. ஒரே மகள் சஹ்லா. அவளும் கலியாணம் முடித்து அக்குறணைக்குப் போய்விட்டாள்.

அவர் வேலை செய்யும் விதம் ஒரு தொழுகைக்கு நிற்பதைப் போல இருக்கும். கராஜில் ரேடியோ கிடையாது. கார்க்காரர் பேச வாயெடுத்தால் கையைக் காட்டி நிறுத்துவார். எஞ்சினை ஓடவிட்டு, பொனட்டைத் திறந்து, ஒரு நிமிடம் சும்மா கேட்பார். பிறகு குறடு ஒன்றை எடுத்து, எஞ்சினிலிருந்து போகும் ஒவ்வொரு ரப்பர் குழாயையும் மெதுவாக நசுக்குவார். ஒரு குழாயை நசுக்கும்போது குலுக்கம் நின்றால் களவு அங்கேதான் இருக்கிறது. களவு என்றுதான் அவர் சொல்வார். பெற்றோலும் காற்றும் காப்ரேட்டரில் அளவாகக் கலக்க வேண்டும். எங்கேயோ ஒரு வெடிப்பால் களவாகக் காற்று உள்ளே போனால் அளவு கெட்டுவிடும். வேகமாக ஓடும்போது தெரியாது. காலை எடுத்ததும் எஞ்சின் நடுங்கும், பிறகு அணைந்துவிடும்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. காப்ரேட்டரின் ஓரத்தில் இருக்கும் ஒரு சிறு ஸ்குரூவை அரைச் சுற்றுத் திருகினால் எஞ்சின் சும்மா நிற்கும்போதும் கொஞ்சம் வேகமாக ஓடும். நடுக்கம் மறைந்துவிடும். கார்க்காரர் சந்தோஷமாகப் போவார். களவு அப்படியே இருக்கும். ஸவாஹிருக்கு அந்தக் குறுக்குவழி பிடிக்காது. அதைச் செய்கிறவர்களை அவர் மெக்கானிக் என்றே சொல்வதில்லை.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு அவருக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. வாகன இறக்குமதி நின்று மூன்று வருடம். ஓடாமல் நின்ற பழைய கார்களையெல்லாம் ஆட்கள் துடைத்து எடுத்து ஓடத் தொடங்கியிருந்தார்கள். ஒழுங்கையில் நான்கு ஐந்து கார்கள் வரிசையாக நிற்கும்.

அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள் ஸ்ரீஸ்கந்தராசா வந்தார். எழுபத்து நான்கு வயது. நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைபவராக இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு லேனில், மூன்றாம் மாடியில் மனைவி அருந்ததியோடு இருந்தார். நாற்பது வருடப் பழசான நீல நிற ஜப்பான் வேகன் ஒன்று அவரிடம் இருந்தது. ஸவாஹிரிடம் வருடத்துக்கு இரண்டு தரமாவது வருவார்.

"காலை எடுத்த உடன நிண்டு போகுது, நானா" என்றார். ஸவாஹிரை எல்லாரும் நானா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவது. "பம்பலப்பிட்டிச் சந்தியில மூண்டு தரம் நிண்டிட்டுது. பின்னால நிக்கிறவங்கள் ஹோர்ன் அடிச்சுக் கொல்லுறாங்கள்."

அப்போது பகல் பன்னிரண்டு மணி தாண்டியிருந்தது. மகளும் மருமகனும் அக்குறணையிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். ஸவாஹிர் இன்னும் பெருநாள் உடுப்பு வாங்கவில்லை. கராஜைப் பூட்ட நினைத்துக் கையும் கழுவிவிட்டார். கழுவின கையோடு பொனட்டைத் திறந்து, எஞ்சினைக் கேட்டார். நடுக்கம் இருந்தது. குறடு உள்ளே மேசையில் கிடந்தது. அதை எடுக்கப் போகவில்லை. சட்டைப்பையில் இருந்த சின்ன ஸ்குரூ டிரைவரால் அரைச் சுற்றுத் திருகினார்.

எஞ்சின் சீராக ஓடியது.

"இப்பத்தைக்கு இது போதும் ஐயா. பெருநாள் முடிஞ்ச பொறகு கொண்டு வாங்க. கழட்டிப் பாப்பம்."

"நல்லா வந்திட்டுதே! இனி என்னத்தைக் கழட்டுறது?" என்று ஸ்ரீஸ்கந்தராசா சிரித்தார். பெருநாள் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பெருநாள் முடிந்தது. அவர் வரவில்லை. கார் நன்றாக ஓடும்போது யார்தான் கராஜுக்கு வருவார்கள்? ஸவாஹிரும் மறந்துவிட்டார்.

ஸ்குரூவைத் திருகின பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு ஸ்ரீஸ்கந்தராசா கொள்ளுப்பிட்டியில் வங்கி வேலையை முடித்துக்கொண்டு மரைன் டிரைவ் வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். ரயிலால் இறங்கின சனம் மஞ்சள் கோட்டில், பாதசாரிக் கடவையில், வீதியைக் கடந்துகொண்டிருந்தது. கார் வேகம் குறையாமல் வந்தது. கடைசி நேரத்தில் இடப்பக்கம் வெட்டி, ஒரு வீட்டு மதிலில் மோதியது. சனத்தில் ஒருவருக்கும் காயமில்லை. அவர் பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் நினைவில்லாமல் இருந்து இறந்துபோனார்.

திடீர் மரண விசாரணையில் ஓட்டோ ஓட்டுநர் ஒருவர் சாட்சி சொன்னார். கார் கொஞ்சமும் நிற்கப் பார்க்கவில்லை, தார் ரோட்டில் டயர் தேய்ந்த அடையாளமே இல்லை என்றார். எஞ்சின் நொறுங்கிப்போனதால் காரை ஓட்டிப் பார்க்க வழியிருக்கவில்லை. பிரேக் எண்ணெய் ஒழுகவில்லை என்பதை மட்டும் பார்த்து எழுதினார்கள். சாரதி வயதானவர், பிரேக் என்று நினைத்து அக்ஸிலரேட்டரை மிதித்திருக்கலாம் என்று முடிந்தது.

மகன் தேனுஜன் டொரொண்டோவிலிருந்து செத்தவீட்டுக்கு வந்தான். அழுதான். பிறகு தாயிடம் ஒன்று கேட்டான்.

"நான் எத்தினை தரம் சொன்னனான் அம்மா? இந்த வயசில கார் ஓட விடாதேங்கோ, திறப்பை எடுத்து ஒளிச்சு வையுங்கோ எண்டு சொன்னனானோ இல்லையோ?"

அவன் சொன்னது உண்மை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் சொன்னவன். அருந்ததிதான் கேட்கவில்லை. திறப்பை, அந்தக் கார்ச் சாவியை, ஒளித்து வைத்தால் மனுசன் என்ன பாடுபடுவார் என்று அவவுக்குத் தெரியும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து மகன் திரும்பிப் போன பிறகும் அந்தக் கேள்வி வீட்டில் இருந்தது. உறவினர்கள் வந்தால் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுபத்து நாலு வயசு. ஏன் விட்டனீங்கள்?" என்பார்கள். ஆறுதலுக்குத்தான் கேட்டார்கள். அவ கோயிலுக்குப் போவதை நிறுத்தினா. பிறகு மாடிப்படி இறங்குவதையே நிறுத்தினா. காய்கறியைக் கயிறு கட்டின கூடையில் பல்கனியால் மேலே எடுத்தா.

இது ஒன்றும் கொட்டாஞ்சேனைக்குத் தெரியாது.

நவம்பர் கடைசியில், விடாமல் மழை பெய்த ஒருநாள், ஸவாஹிர் கிராண்ட்பாஸில் ஷிப்லியின் இடத்துக்குப் போனார். ஷிப்லி அடிபட்ட வாகனங்களை வாங்கி உடைத்துச் சாமான் விற்பவர். யாருடைய காருக்கோ ஒரு காப்ரேட்டர் மூடி தேவைப்பட்டது. தகரக் கூரைக்குக் கீழே அடுக்கியிருந்த கார்களுக்கு நடுவில் ஒரு நீல வேகன் நின்றது. முன்பக்கம் சப்பளிந்து போயிருந்தது. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்ததும் ஸவாஹிர் நின்றார்.

"இது எங்கால வந்தது?"

"வெள்ளவத்தை. ஆடி மாசம் அடிச்சது. ஓடின மனுஷன் மவுத்" என்றார் ஷிப்லி. "வயசாளி. பிரேக்குக்குப் பதிலா மத்தத மிதிச்சிட்டாராம்."

ஸவாஹிர் நெளிந்த பொனட்டைக் கம்பியால் நெம்பித் திறந்தார். எஞ்சினின் முன்பாதி நசுங்கியிருந்தாலும் பின்பாதி, ஓட்டுநருக்கு முன்னால் உள்ள தகரச் சுவரோடு, அப்படியே இருந்தது. அங்கே தட்டை வடிவில் ஒரு பெரிய டப்பா இருக்கும். பிரேக் பூஸ்டர் என்பார்கள். எஞ்சின் ஒரு குழாயால் அதிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த உறிஞ்சலின் பலத்தால்தான் காலால் லேசாக மிதித்தாலே கார் நிற்கிறது. ஸவாஹிர் அந்தக் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார். பூஸ்டருக்குப் பக்கத்தில் விரல் ஒரு பிளவில் இறங்கியது.

குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். வளைத்தால் வாய் திறந்தது. ஒரு விரல் நீள வெடிப்பு. விளிம்பெல்லாம் காய்ந்து, எண்ணெயும் தூசும் ஏறிக் கறுத்திருந்தது. அன்றைக்கு மோதியதில் வெடித்ததல்ல அது. மாதக் கணக்கில் இருந்த வெடிப்பு.

அப்போது எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது. ஸ்ரீஸ்கந்தராசாவின் கார் பம்பலப்பிட்டிச் சந்தியில் மூன்று தரம் நின்றதும் இந்த வெடிப்பால்தான். பெருநாளுக்கு முந்தின நாள் குறட்டால் இந்தக் குழாயை நசுக்கியிருந்தால் அரை நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். அதற்குப் பதிலாக அவர் ஸ்குரூவைத் திருகினார். நடுக்கம் மறைந்தது, அதோடு எச்சரிக்கையும் மறைந்தது. வெடிப்பு பன்னிரண்டு நாளில் இன்னும் பெரிதானது. மஞ்சள் கோட்டுக்கு முன்னால் அந்த மனிதர் காலை எடுத்து பிரேக்கில் வைத்தபோது எஞ்சின் அணைந்திருக்கும். பூஸ்டரில் பலமே இருந்திருக்காது. பெடல் கல்லைப் போல நின்றிருக்கும்.

"மூடி கெடச்சதா நானா?" என்று ஷிப்லி கேட்டார்.

"கெடக்கல்ல. இந்தக் குழாய நான் எடுத்துக்கிறன்."

வீட்டுக்குப் போய் அதை மேசைமேல் வைத்தார். லுத்பியா என்ன என்று கேட்டபோது முழுவதையும் சொன்னார். லுத்பியா தலைச்சீலையைச் சரிசெய்துகொண்டு குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நீங்க பெருநாள் முடிஞ்சு வரச் சொன்னீங்கதானே?"

"சொன்னன். ஆனா ஏன் வரணும் எண்டு சொல்லல்ல. எனக்கே தெரியா. நான் பாக்கல்ல."

"பொலிஸுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும்."

"அந்த மனுஷன் போயி அஞ்சு மாசம். இப்ப போய்ச் சொல்லி அவரக் கொண்டுவர ஏலுமா?"

அன்றைக்கு ஸவாஹிர் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் கராஜைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை லுத்பியாவே அவருடைய வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணி எடுத்து வைத்தார்.

"அவர் மத்தத மிதிச்சார் எண்டுதானே எல்லாரும் சொல்றாங்க" என்றார். "அது அந்தப் பொஞ்சாதிட காதுலயும் விழுந்திருக்கும். போய்ச் சொல்லிட்டு வாங்க."

ஸவாஹிர் நூற்று ஐம்பத்தைந்தாம் இலக்க பஸ்ஸில் போனார். பழைய ரசீது ஒன்றில் விலாசம் இருந்தது. மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டினார். அருந்ததி கதவைச் சங்கிலியோடு திறந்து பார்த்தா. அவவுக்கு அவரைத் தெரியாது.

"நான் கொட்டாஞ்சேனை ஸவாஹிர். ஐயாட கார் பாக்கிறது நான்தான்."

செத்தவீடு விசாரிக்க வந்தவர் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொண்டுவந்தா. அவர் அதைத் தொடவில்லை. கடதாசியில் சுற்றியிருந்த குழாயை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு, பெருநாளுக்கு முந்தின நாளிலிருந்து தொடங்கி, ஒன்றையும் விடாமல் சொன்னார். கை கழுவியிருந்ததையும், குறடு உள்ளே இருந்ததையும்கூடச் சொன்னார்.

அவர் முடித்த பிறகு அருந்ததி ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"அப்ப அவர் பிரேக்கைத்தான் மிதிச்சவரோ?"

"அதத்தான் மிதிச்சிருப்பார் அம்மா. கால் மாறினா கார் சீறிக்கொண்டு போகும். சனம் அந்தச் சத்தத்தக் கேட்டிருக்கும். யாரும் அப்பிடிச் சொல்லல்ல. எஞ்சின் நிண்டிட்டு. பெடல் எறங்கியிருக்காது. எறங்காத பெடல மிதிச்சா ரோட்டில டயர் அடையாளம் எங்க விழும்? வேற வழியில்லாமத்தான் அவர் மதில் பக்கம் வெட்டியிருக்கிறார்."

அவ எழுந்து குசினிக்குப் போனா. உள்ளே தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தா. கையில் போன் இருந்தது. டொரொண்டோவில் அப்போது நடுச்சாமம். மகனை எழுப்பினா. ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல், குழாய்க்குப் பக்கத்தில் வைத்தா.

"நானா, எனக்குச் சொன்னதை இவனுக்கும் சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

ஸவாஹிர் இரண்டாம் தரமும் சொன்னார். முடிந்ததும் தேனுஜன் கேட்டான்.

"அது அடிபட்டதில வெடிச்சதா இருக்கலாம்தானே?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம் என்று ஸவாஹிர் பிறகு என்னிடம் சொன்னார். அந்தப் பிள்ளை தனக்காகவே ஒரு கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்ததாம்.

"இல்ல மகன்" என்றார். "அடிபட்டு வெடிச்சா உள்ள ரப்பர் புதுசா இருக்கும். இது பழைய வெடிப்பு. கறுத்து, காஞ்சு போயிரிக்கி."

"உங்கட வேலை அதுதானே? பாக்கிறதுதானே உங்கட வேலை?" குரல் உயர்ந்தது. "ஏன் பாக்கேல்லை?"

"வீட்டுக்குப் போற அவசரம்."

தேனுஜன் போனை வைத்துவிட்டான்.

அருந்ததி அவரைக் கதவு வரைக்கும் கூட்டி வந்தா. "நான் உங்களை மன்னிக்கிறன் எண்டு சொல்ல மாட்டன்" என்றா. "எனக்கு இன்னும் ஒண்டும் தெரியேல்லை. ஆனா பொலிஸில வந்து இதைச் சொல்லுவீங்களோ? அவற்ற பேரில பிழை எண்டு எழுதி வைச்சிருக்கிறாங்கள்."

"வருவேன்."

மறுநாள் காலை அருந்ததி நான்கு மாதத்துக்குப் பிறகு மாடிப்படி இறங்கினா. இரண்டு பேரும் வெவ்வேறு ஓட்டோவில் பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த சார்ஜன்ட்டுக்கு முதலில் விளங்கவில்லை. முடிந்துபோன விஷயம், யாரும் முறைப்பாடு செய்யவில்லை, இந்த மனிதர் தன்மேல் தானே பிழை சொல்ல ஏன் வந்திருக்கிறார் என்று சிங்களத்தில் அருந்ததியிடம் கேட்டார். அருந்ததியும் சிங்களத்தில் பதில் சொன்னா: என் புருஷன் பிரேக்கைத்தான் மிதித்தார் என்று எழுத வேண்டும்.

சார்ஜன்ட் குழாயை வாங்கி வளைத்துப் பார்த்தார். அவரிடமும் பழைய கார் ஒன்று இருந்ததோ என்னவோ, வெடிப்பைக் கண்டதும் முகம் மாறியது. "ஹரி அய்யே, லியமு" என்று புத்தகத்தைத் திறந்தார். சரி அண்ணே, எழுதுவோம். ஒன்றரை மணி நேரம் எழுதினார். ஸவாஹிர் கையெழுத்து வைத்தார். குழாயை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் ஒரு தரம் கூப்பிட்டு, சொன்னதைத் திரும்பக் கேட்டு, வேறொரு தாளிலும் கையெழுத்து வாங்கினார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. தண்டனை ஏதாவது கிடைத்திருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும் என்று ஸவாஹிர் சொன்னார்.

அருந்ததி அந்த வாக்குமூலத்தின் பிரதியைப் படமெடுத்து மகனுக்கு அனுப்பினா. உறவினர்களுக்கும் அனுப்பினா. யாழ்ப்பாணத்தில் இருந்த மச்சாளுக்கு போனில் வரிவரியாக வாசித்துக் காட்டினாவாம்.

கொட்டாஞ்சேனையிலும் கதை பரவியது. ஸவாஹிர் மறைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். சிலர் வராமல் விட்டார்கள். நெடுநாளாக வந்துகொண்டிருந்த ஒரு டாக்டர், வரிசையில் நின்ற தன் காரை ஒன்றும் பேசாமல் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு போனார். ஸவாஹிர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலையும் மெதுவாகிவிட்டது. ஒரு காரை எடுத்தால் எல்லாக் குழாயையும் கழற்றி, ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்க்காமல் விடமாட்டார். அவசரம் என்று வருபவர்களை, "அப்ப வேற எடத்துக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார். என் காரை இரண்டு நாள் வைத்துக்கொண்டது அந்தக் காலத்தில்தான். நான் சலித்துக்கொண்டபோதுதான் இந்தக் கதையின் முதல் பாதி எனக்குக் கிடைத்தது.

அடுத்த வருடம் ஆடியில் ஆண்டுத் திவசத்துக்குத் தேனுஜன் வந்தான். திவசம் முடிந்த மறுநாள் முற்பகலில் ஒழுங்கை வாசலில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. இறங்கி வந்த ஆளை ஸவாஹிருக்குத் தெரியாது. ஆனால் நடை தகப்பனின் நடை.

"நான் ஸ்ரீஸ்கந்தராசாவின்ர மகன்."

ஸவாஹிர் எழுந்து நின்றார். அடிக்க வந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாராம். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் நினைத்தாராம். தேனுஜன் சுற்றிப் பார்த்தான். உள்ளே நின்ற வெள்ளைக் காரைக் காட்டினான்.

"இதில காட்டுவீங்களோ? அப்பாக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு."

ஸவாஹிர் கார்க் கதவைத் திறந்துவிட்டார். தேனுஜன் ஓட்டுநர் சீட்டில் இருந்தான்.

"எஞ்சின் ஓடல்ல. இப்ப பிரேக்க நாலஞ்சு தரம் மிதிங்க. பூஸ்டரில உள்ளது முடிஞ்சு போகும்."

முதல் தரம் பெடல் மெத்தென்று இறங்கியது. இரண்டாம் தரம் கொஞ்சம். நான்காம் தரம் இறங்கவில்லை. தேனுஜன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முதுகைச் சீட்டில் ஊன்றி மிதித்தான். ஆறடி உயரம், முப்பத்தெட்டு வயது. பெடல் ஒரு விரல் அளவு இறங்கி நின்றது.

அவன் காலை எடுக்கவில்லை. அப்படியே இருந்தான். எவ்வளவு நேரம் என்று ஸவாஹிருக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு இறங்கி ஒழுங்கை வாசலுக்குப் போனான். ஓட்டோவுக்குள் இருந்த தாயிடம் குனிந்து ஏதோ சொன்னான். அருந்ததி இறங்கி வந்தா. வாழ்நாளில் ஒருநாளும் கார் ஓட்டாதவ. மகன் கையைப் பிடித்து அதே சீட்டில் இருத்தினான்.

"எது?" என்று கேட்டா.

"நடுவில உள்ளது அம்மா" என்றார் ஸவாஹிர்.

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வைத்தா. மிதித்தா. பிறகு மற்றக் காலையும் வைத்து இரண்டு காலாலும் மிதித்தா. பெடல் அசையவே இல்லை.

"அவருக்கு முழங்கால் நோ" என்றா, யாரிடமோ சொல்வதைப் போல. "படி ஏறவே கஷ்டப்படுறவர்."

ஸவாஹிர் ஜன்னலுக்குள் கையை விட்டுத் திறப்பைத் திருகினார். எஞ்சின் ஓடத் தொடங்கியது. அருந்ததியின் காலுக்குக் கீழே பெடல் தானாக, அவ மேலும் அழுத்தாமலே, மெதுவாக இறங்கியது. அவ நெருப்பில் வைத்ததைப் போலக் கால்களை இழுத்துக்கொண்டா.

"நிப்பாட்டுங்கோ நானா."

அவர் நிப்பாட்டினார். தேனுஜன் குனிந்து தாயின் காலில் செருப்பைப் போட்டுவிட்டான். அப்போது தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"திறப்பை ஒளிச்சு வைக்கச் சொன்னது... அதை நான் உங்களைக் கேட்டிருக்கக்கூடாது அம்மா."

அவ அவன் தலையில் கையை வைத்தா.

ஸவாஹிர் தள்ளிப்போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அந்தப் பேச்சு தனக்குரியதல்ல என்று அவருக்குத் தெரிந்தது. ஓட்டோ புறப்படும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினார். போகும்போது அவர்கள் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

அருந்ததி இப்போது வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறா. கோயில் வாசலில் கண்டு, ஸவாஹிரை எனக்குத் தெரியும் என்று பேசினபோதுதான் மீதிக் கதையைச் சொன்னா. ஸவாஹிரை மன்னித்துவிட்டீங்களா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. "அவர் வந்து சொல்லாமல் விட்டிருக்கலாம்தானே. ஆனா வந்து சொன்னவர்" என்றா. பிறகு படிகளில் இறங்கி, கடற்கரைப் பக்கம் போகும் லேனில் தனியாக நடந்து போனா.